விழ மறுத்த பயில்வான்

பந்து அப்படியொன்றும் வேகமாக வரவில்லை. உதைத்தவன் நான்தான், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியும். அறுவடை முடிந்த வயலில் நெல் தாள்களில் தட்டித் தட்டி, அவசரமில்லாமல் உருண்டு போயிற்று.

கோல் என்று நாங்கள் நட்டிருந்த இரண்டு கமுகுத் தடிகளுக்கு நடுவே மாசிலாமணி பயில்வான் நின்றிருந்தார். பந்து அவருக்கு வலது புறமாகக் கடந்தது. அவர் தலையைத் திருப்பி அது போவதைப் பார்த்தார். தெருவில் ஒரு பெரியவர் போனால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி மரியாதையாகப் பார்த்தார்.

"போச்சு," என்றார்.

"போகத்தான் செய்யும். விழுந்து பிடிக்கணும்," என்றேன்.

"விழணுமா?"

"விழணும்."

அவர் கமுகுத் தடியில் தொங்கிக்கொண்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பேறி, ஒரு தென்னையின் அடியில், மூட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. நெய்யாற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயில்வான் நிற்கும் இடத்தில் யாராவது தூக்கி எறியப்படுவார்கள் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

சம்பளத்துக்கு ஒரு ஆள்

நான் அப்போது நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. பகலெல்லாம் பிறருடைய வரப்புத் தகராறுகளை அழகான கையெழுத்தில் எழுதுவேன். சாயங்காலம் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பந்து உதைப்பேன். இரண்டிலும் நான் சுமார்தான்.

எங்கள் ஊரில் பந்துகளி என்று சொல்லும் கால்பந்தாட்டத்தை எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மிஷன் துரை. அவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆடினார். நாங்கள் வெறுங்காலோடு ஆடினோம். அவர் பக்கத்தில் வரும்போது மட்டும் எல்லோரும் ஒதுங்கிக்கொள்வோம். அதனால் அவர் நிறைய கோல் போட்டார். தாம் நல்ல ஆட்டக்காரர் என்ற எண்ணத்துடனேயே சீமைக்குத் திரும்பிப் போனார்.

துரை போன பிறகு குழுவை ஏற்று நடத்தியவர் செங்கல் என்ற ஊர்க்காரர் நீலகண்ட பிள்ளை. அவருடைய தகப்பனார் சர்க்காரில் சம்பிரதியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்து நிலபுலன் சேர்த்தவர். மகனுக்கு அவற்றைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை. திருவனந்தபுரத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்த அவருடைய மைத்துனர் அங்கே ஒரு பந்தாட்டக் குழு வைத்திருந்தார். கல்யாண வீடு, சாவு வீடு, எங்கே பார்த்தாலும் அதைப் பற்றியே பேசினார். ஒரு பதினாறாம் நாள் சடங்கில் வைத்து, "ஒங்க குழுவில மனுஷன் ஆரும் உண்டா?" என்று மைத்துனர் கேட்டாராம். நீலகண்ட பிள்ளை பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வாரமே அவர் மாசிலாமணியைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்.

மாசிலாமணிக்கு மாசச் சம்பளம், அரிசி, பால், முட்டை. பந்து ஆடுவதற்காகச் சம்பளம் வாங்கிய முதல் மனிதர் எங்கள் வட்டாரத்தில் அவர்தான். அதுவரை அவர் பந்தைத் தொட்டதில்லை. பல வருஷமாகத் தொட்டுக்கொண்டிருந்த எங்கள் பத்துப் பேருக்கும் ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல ஆளுக்கு ஒரு எலுமிச்சை மூடி கிடைத்தது.

அவர் யார்

பாறசாலைக்காரர். குஸ்தியில் அவரை வென்றவர் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து வந்தார்கள், திருவனந்தபுரத்திலிருந்து வந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒருவர் தவில், நாகசுரத்தோடு வந்தார். திரும்பிப் போகையில் மேளக்காரர்கள் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். அரண்மனையிலிருந்து பட்டும் வளையும் பெற்றவர் மாசிலாமணி. அந்த வளையை அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுக்கொள்வார்.

குஸ்தியில் தோல்வி என்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இரண்டு தோளும் மண்ணில் பட வேண்டும். மாசிலாமணியின் முதுகில் மண் ஒட்டிப் பார்த்தவர் ஊரில் இல்லை. அவர் தூங்கும்போதுகூட ஒருக்களித்துத்தான் படுப்பார் என்று பேச்சு. நான் கேட்டிருக்கிறேன். ஆமாம் என்றார்.

அப்படிப்பட்டவர் கோதாவை விட்டுவிட்டுப் பந்துக்கு வந்த காரணம் நீலகண்ட பிள்ளையின் பாலும் முட்டையும் இல்லை. காரணம் அமரவிளையில் இருந்தது.

உபதேசியாரின் நிபந்தனை

அமரவிளை சபையின் உபதேசியார் யோவானுக்கு ஒரு மகள், எஸ்தர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி. நேராக நடந்து, நேராகப் பேசுகிற பெண். மாசிலாமணி அவளைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். தம் சித்தப்பாவை அனுப்பிக் கேட்டார்.

உபதேசியார் சாந்தமாகவே மறுத்தார். லங்கோடு கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க இன்னொரு ஆண்பிள்ளையோடு மண்ணில் புரளுகிறவனுக்குத் தம் மகளைக் கொடுக்க முடியாது என்றார். அவன் பேரில் ஜனங்கள் பந்தயம் கட்டுகிறார்கள் என்றார். பைபிளில் யாக்கோபு குஸ்தி பிடித்திருக்கிறாரே என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். யாக்கோபு ஆட்டத்துக்கு டிக்கெட்டு இல்லை என்று உபதேசியார் சொல்லிவிட்டார்.

வேறு என்ன செய்தால் சம்மதிப்பீர்கள் என்று சித்தப்பா கேட்டதற்கு, உடம்பால் ஏதாவது செய்தே தீரவேண்டுமென்றால் துரை ஆடினாரே, அந்தப் பந்தை உதைக்கட்டும் என்று பதில் வந்தது. துரையின் காலில் பட்ட எதுவும் பாவமாக இருக்க முடியாது என்று உபதேசியார் நம்பினார்.

அந்த வாரமே நீலகண்ட பிள்ளையின் ஆள் பாறசாலைக்கு வந்து நின்றான். மாசிலாமணி இதை ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கே நிறுத்துவது

முதலில் அவரைப் பின்வரிசையில் நிறுத்தினோம். எதிரி பந்தோடு வந்தால் தடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். முதலில் வந்தவன் தபால் ஆபீஸ் கிருஷ்ணன். மாசிலாமணி பந்தை விட்டுவிட்டு, கிருஷ்ணனை இடுப்பில் பிடித்துத் தூக்கி, கோட்டுக்கு வெளியே கொண்டுபோய், வலிக்காமல் இறக்கி வைத்தார். கிருஷ்ணன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். தான் எப்படி அங்கே வந்தோம் என்பது அவனுக்கு விளங்கவில்லை.

கையால் தொடக்கூடாது என்று நான் விளக்கினேன். மாசிலாமணி தம் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின்னே கை எதுக்காக்கும்?" என்று கேட்டார்.

அதனால்தான் கோலில் நிறுத்தினோம். அங்கே கை உபயோகப்பட்டது. உயரமாக வரும் பந்தை அவர் பிடித்தால் பிடித்ததுதான். அந்தக் காலத்து ஆட்டத்தில், பந்தை வைத்திருக்கும் கோல்காரரைத் தோளால் இடித்து, பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளலாம். அதுவும் கோல்தான். மாசிலாமணியைத் தள்ள நாங்கள் ஆறு பேர் ஒன்றாகப் போய்ப் பார்த்தோம். அவர் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு வலித்ததா என்று விசாரித்தார்.

கீழே வரும் பந்துதான் பிரச்சினை. அதற்கு விழ வேண்டும்.

தென்னை மூட்டில்

கோலில் நின்ற முதல் நாள் அவர் தென்னை மூட்டில் போய் உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வயசில் அவர் எனக்கு மூத்தவர். ஆனாலும் என்னைப் பிள்ளைவாள் என்றுதான் கூப்பிடுவார். அவர் கூப்பிட வேண்டிய முறை அதுதான் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்ட நாங்கள் தண்ணீர் குடிக்க இரண்டு குடமாகப் பிரிந்து போவோம்.

வரப்பில் அவருடைய சிஷ்யர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் குஸ்தியை விட்டாலும் அவர்கள் அவரை விடவில்லை. தினமும் பாறசாலையிலிருந்து நடந்து வந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவர்களைக் கண்ணால் காட்டி மாசிலாமணி சொன்னார்: "நான் இஞ்ச விழுந்தா, அவனுவ பாறசாலை சேருகதுக்கு முன்ன நாகர்கோவிலுக்கு விவரம் போயிரும். மாசிலாமணிக்க முதுகு மண்ணில பட்டாச்சுண்ணு. ஆரு வீழ்த்தினதுண்ணு கேப்பானுவ. பந்துண்ணு சொல்லவா?"

பந்தாட்டத்தில் விழுந்தால் தோல்வி இல்லை என்று சொன்னேன். அவருக்குப் புத்தியில் ஏறியது. உடம்பு கேட்கவில்லை. மறுநாள் ஆற்றிலிருந்து மணல் அள்ளிக் கோலுக்கு முன்னால் கொட்டினோம். நான் விழுந்து காட்டினேன், கிருஷ்ணன் விழுந்து காட்டினான். மாசிலாமணி கவனமாகப் பார்த்தார். தம் முறை வந்ததும் பந்தை நோக்கி வளைவார், முழங்கால் மண்ணைத் தொடும், அப்புறம் யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல நிமிர்ந்துவிடுவார்.

ஒன்று மட்டும் கற்றுக்கொண்டார். காலை அகட்டி நீட்டித் தடுப்பது. அந்தக் கால்களின் அகலத்துக்கே பாதிப் பந்துகள் நின்றன. மீதிப் பாதியை அவர் மரியாதையோடு வழியனுப்பி வைத்தார்.

எஸ்தர் வாத்திச்சி கேட்டது

திருவனந்தபுரத்து மைத்துனரோடு ஆட்டம் நிச்சயமாயிற்று. ஒரு கேடயமும் செய்து வைத்திருந்தார்கள். நீலகண்ட பிள்ளை தினமும் வயலுக்கு வந்து, குடைக்குக் கீழே நின்று, கவலையாகப் பார்த்தார். இந்த ஆட்டம் தோற்றால் தம்மால் எந்தச் சாவு வீட்டுக்கும் போக முடியாது என்றார்.

ஒரு நாள் சாயங்காலம் எஸ்தர் நெய்யாற்றின்கரைக்கு வந்து திரும்பும் வழியில் வயலோரம் நின்றாள். கூட இரண்டு வாத்திச்சிமார். அவள் நின்ற நேரத்தில் மூன்று பந்து கோலுக்குள் போயிற்று. மூன்றையும் மாசிலாமணி பார்த்தார்.

ஆட்டம் நின்றதும் அவர் வரப்புக்குப் போனார். நான் கொஞ்சம் தள்ளி, பந்தின் வாயை இறுக்கும் தோல் வாரைக் கட்டிக்கொண்டிருந்தேன். காதில் விழாமல் இருக்கும் தூரம் இல்லை.

"அப்பா சொன்னதுக்காவத்தான் களிக்கிறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

அவர் துண்டை ஒரு தோளிலிருந்து எடுத்து மறு தோளில் போட்டார்.

"நீங்க குஸ்தி பிடிச்சத நான் பாத்திருக்கேன். சந்தைக்குப் போற வழியில. எனக்கு அதில குத்தமொண்ணும் தோணல்ல. அப்பாவுக்குத் தோணிச்சு, அது அவருக்க காரியம். ஆனா அதில நீங்க முழுசா நிண்ணீங்க. இதில பாதிதான் நிக்கிறீங்க. பாதி ஆள எனக்கு வேண்டாம்."

மற்ற வாத்திச்சிமார் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எது செய்யணுமோ அத நீங்களே நிச்சயிச்சுக்கிடுங்க. நான் போய்ட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

மாசிலாமணி வரப்பிலிருந்து இறங்கினார். பிறகு என்னிடம் வந்து, வார் சரியாகக் கட்டவில்லை என்று சொல்லி, பந்தை வாங்கித் தாமே கட்டினார். அன்றைக்கும் மறுநாளும் அவர் விழவில்லை. அதற்கு மறுநாள் வில்வண்டிகளில் ஏறி நாங்கள் திருவனந்தபுரம் போனோம்.

மைதானம்

இவ்வளவு பெரிய கூட்டத்தை நான் அதற்கு முன் திருவிழாவில்தான் பார்த்திருந்தேன். ஒரு பக்கம் உத்தியோகஸ்தர்கள் நாற்காலியில். மறுபக்கம் பாறசாலை, அமரவிளை ஆட்கள். பாதிப் பேர் குஸ்தி என்று நினைத்து வந்தவர்கள். எதிராளி யார் என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் யோவானும் வந்திருந்தார். வருங்கால மருமகன் செய்வது யோக்கியமான காரியம்தானா என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். எஸ்தர் வரவில்லை. பள்ளிக்கூடம் இருந்தது.

முதல் பாதியில் உயரப் பந்தெல்லாம் மாசிலாமணியின் கைக்குப் போயிற்று. அவரை இடிக்க வந்த எதிரணிக்காரர்களில் ஒருவர் மீதி ஆட்டத்தைக் கோட்டுக்கு வெளியே இளநீர் குடித்தபடி பார்த்தார். ஒரே ஒரு பந்து தரையோடு வந்தது. அது கோல்.

இரண்டாம் பாதியில் கிருஷ்ணன் ஒரு கோல் போட்டான். பந்து அவன் முதுகில் பட்டு உள்ளே போயிற்று. அதை அவன் திட்டமிட்டே செய்ததாகப் பிற்காலத்தில் சொல்லக் கேட்டேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியில் ஒரு சின்ன ஆள், ஒல்லியானவர், என்னைத் தாண்டிப் போனார். தாண்டியதை நான் அவர் போன பிறகுதான் கவனித்தேன். அவருக்கு முன்னால் மாசிலாமணி மட்டும். ஒல்லி ஆள் பந்தை இடது மூலைக்குத் தட்டினார். தரையோடு போன பந்து.

மாசிலாமணி விழுந்தார்.

எப்படி விழ வேண்டும் என்று நாங்கள் காட்டிக்கொடுத்தது ஒன்றும் அதில் இல்லை. அது அவருடைய சொந்த விழுதல். எதிரியின் மேல் பாய்வதுபோல முழு நீளத்துக்கும் பாய்ந்து, பந்தை இரண்டு கையாலும் அணைத்து, அதோடு ஒரு தடவை புரண்டு, மல்லாந்து கிடந்தார். பந்து நெஞ்சின் மேல். இரண்டு தோளும் மண்ணில்.

மைதானம் நிசப்தமாயிற்று. நாற்காலிப் பக்கம் எதற்காக நிசப்தம் என்று தெரியாமலே நிசப்தமாயிற்று. சிஷ்யர்களில் மூத்தவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஒல்லி ஆள் விதிப்படி ஓடி வந்து அவரை இடித்தார். ஒரு பாறையை இடித்துப் பார்த்ததுபோல அந்தப் பக்கமாக விழுந்தார். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தினார். மாசிலாமணி எழவில்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓடிப் போய்க் குனிந்தேன். கண் திறந்திருந்தது. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயில்வானே, அடி ஏதும் உண்டா?"

"இல்ல பிள்ளைவாள்."

"பின்னே எழும்பும்."

"எழும்புகேன். கொஞ்சம் கிடந்துட்டு எழும்புகேன். இப்படிக் கிடந்து நாள் எத்தனையோ ஆச்சு."

முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. சிரிப்பும் இல்லை. வியர்வையில் நெற்றியில் புல் ஒட்டியிருந்தது. பிறகு எழுந்து, முதுகைத் தட்டிக்கொள்ளாமலே பந்தை உதைத்தார். பாதி மைதானம் தாண்டிப் போயிற்று. அடுத்த கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு முறை விழுந்தார். அதில் ஒன்று அவசியமே இல்லை. பந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஆளுக்கொரு கோலாக ஆட்டம் முடிந்தது. இரு தரப்பும் வென்றதாக அறிவித்தார்கள். கேடயம் மைத்துனர் வீட்டு மேஜையில் ஏற்கெனவே இருந்ததால் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. நீலகண்ட பிள்ளை திருப்தியாகத்தான் இருந்தார். தோற்கவில்லை என்று சொல்லிக்கொண்டு அவர் எந்த வீட்டுக்கும் போகலாம்.

வீழ்த்தியது யார்

மாசிலாமணி சொன்னபடியே விவரம் நாகர்கோவிலுக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் வைத்து ஒரு ஒல்லி ஆள் அவரை மல்லாத்திவிட்டார் என்று சொன்னார்கள். பிறகு ஆள் வளர்ந்தார். மழைக்காலம் வருவதற்குள் அவர் பட்டாளத்துப் பயில்வான் ஆகிவிட்டார். தோவாளையில் ஒருவர் அது தாம்தான் என்று சொல்லிக்கொண்டு கொஞ்ச நாள் இலவசமாகச் சாப்பிட்டார். சிஷ்யர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்தினார்கள். மாசிலாமணி யாரையும் கூப்பிட்டு அனுப்பவில்லை.

உபதேசியார் பந்தாட்டத்திலும் ஒரு குறை கண்டார். ஆட்டம் யோக்கியமானதுதான், பார்க்கிறவர்களின் வாய்தான் சரியில்லை என்றார். இதைப் பற்றி ஜெபித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"அப்பா ஜெபிச்சு முடிச்சிட்டு நாள் குறிங்க," என்று எஸ்தர் சொன்னாளாம். "ஆளை நான் நிச்சயிச்சாச்சு."

அதற்குப் பிறகு ஜெபம் சீக்கிரமாகவே முடிந்தது. அமரவிளை சபையில் கல்யாணம். எங்கள் குழுவில் எல்லோரும் போனோம். நீலகண்ட பிள்ளையும் வந்து, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு வாழைப்பழம் சாப்பிட்டார். நானும் வாழைப்பழம்தான். அந்த வீட்டில் சமைத்ததை நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று தெரிந்து, மாசிலாமணி எங்களுக்கென்று ஒரு முழுக் குலையைத் தோல் உரிக்காமல் தனியாக வைத்திருந்தார்.

காத்திருந்தவர்கள்

சில வருஷம் போயிற்று. நீலகண்ட பிள்ளைக்கு மோட்டார் கார் ஆசை பிடித்தது. மைத்துனர் ஒன்று வாங்கியிருந்தார். குழு கலைந்தது, சம்பளம் நின்றது. உபதேசியாரும் அதற்குள் காலமாகிவிட்டார். மாசிலாமணி பாறசாலையில் மரக்கடை வைத்தார். இரண்டு ஆள் தூக்கும் தடியை ஒருவரே தூக்கினதால் கடைக்கு வேலையாள் தேவைப்படவில்லை.

அந்தச் சமயத்தில் நாகர்கோவிலிலிருந்து மூன்று பேர் குதிரை வண்டியில் வந்தார்கள். பெரிய குஸ்திப் போட்டி ஏற்பாடு செய்கிறவர்கள். மாசிலாமணி ஒரே ஒரு தடவை கோதாவில் இறங்கினால் போதும், பழைய பேர் திரும்பிவிடும், தொகையை அவரே சொல்லட்டும் என்றார்கள். மறுக்கச் சொல்ல உபதேசியாரும் இல்லை. எஸ்தர் அவர்களுக்குக் காப்பி கொடுத்து, ஆள் நெய்யாற்றின்கரை வயலில் இருப்பார், அவரிடமே கேளுங்கள் என்று அனுப்பினாள்.

நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் அப்போது மிச்சம். இருந்தாலும் சாயங்காலம் கூடுவோம். மாசிலாமணி பாறசாலையிலிருந்து நடந்து வருவார். பந்தும் அவருடையதுதான், கடைப் பணத்தில் வாங்கியது.

மூவரும் வரப்பில் நின்று விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கோலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். ஆட்டம் முடியட்டும், இருங்கள் என்றார். அவர்கள் துண்டு விரித்து உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு ஆட்டம் நீண்டுகொண்டே போயிற்று. பந்து தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகுதான் நிறுத்தினோம். மாசிலாமணி ஆற்றில் இறங்கிக் குளித்தார், அக்கரையிலேயே ஏறி, ஈரத் துண்டோடு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மூவரில் ஒருவர் என்னிடம் வந்தார்.

"பயில்வான் எங்க?"

"வீட்டுக்குப் போயாச்சு," என்றேன்.

"எங்களுக்குப் பதில் ஒண்ணும் சொல்லல்லியே?"

நான் அவர்கள் மூவரையும் பார்த்தேன். நல்ல உடற்கட்டு. முக்கியமாக, மூன்று பேர்.

"நாளைக்கும் களி உண்டு," என்றேன். "ஆளு குறைவாக்கும். தங்குகதா இருந்தா வாருங்க."